158-ஆம் எழுத்து

"பழசைப் பழசாவே விடுங்க. நீங்க செய்யப் போறது ரிப்பேர் இல்ல, அழிக்கிறது." போன வருஷம் சித்திரை மாதத்தில் நண்பர் ஒருவர் போனில் சொன்னார். எனக்கு முன்னாலேயே பல வருஷமாகப் பழைய கணினிகளைச் சேர்த்துக் காப்பாற்றி வருபவர். அவர் சொல்லை நான் எப்போதும் மதிப்பவன் என்பதால், "சரி, யோசிக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் அந்த வார்த்தை மனசில் முள்ளாகத் தங்கிவிட்டது. அப்போது என் மேசைமேல், பழைய கணினியில் திரைக்குப் படம் அனுப்பும் ஹெர்குலிஸ் வகை வீடியோ கார்டு ஒன்று கிடந்தது. திரையில் வரும் எழுத்துகளின் வடிவங்கள் பதித்திருக்கும் அதன் எழுத்துச் சிப்பைக் கழற்றிவிட்டு, தமிழ் எழுத்துகள் பதித்த வேறு சிப் ஒன்றை அதே இடத்தில் வைக்கப் போகிறேன் என்று நான் சொன்னதற்குத்தான் அந்தப் பதில்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதனால்தான் அது உறுத்தியது. இந்தக் கார்டுகள் இனிமேல் செய்யப்படப் போவதில்லை. ஒவ்வொரு வருஷமும் எத்தனையோ கார்டுகள் உருக்கப்பட்டுச் செம்பாகவும் தங்கத் துகளாகவும் போகின்றன. மிச்சம் இருப்பதையும் நாமே மாற்றி வைத்தால், அது முதலில் எப்படி இருந்தது என்று பின்னால் வருகிறவர்களுக்கு எதைக் காட்டுவது? எட்டு மாதம் இந்தக் கேள்வியோடுதான் அந்தக் கார்டின் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

கார்டு கிடைத்தது பாளையங்கோட்டையில் ஒரு காயலான் கடையில். ஏதோ ஓர் அலுவலகத்தின் ஸ்டோர் ரூமைக் காலி செய்தபோது எடைக்கு வந்த சரக்கு. 8088 செயலி போட்ட ஐபிஎம் எக்ஸ்டி வகைக் கணினி, துருப்பிடித்த பெட்டியோடு. கூடவே 12 அங்குல ஆம்பர் நிற மானிட்டர். நான் போன நேரத்தில் கடைப் பையன் மானிட்டரின் பின்பக்க மூடியைக் கழற்றிவிட்டான். பிக்சர் ட்யூபின் கழுத்தில் சுற்றியிருக்கும் செம்புக் கம்பிக்காகத்தான். ஐந்து நிமிஷம் தாமதமாகப் போயிருந்தால் அந்தக் கண்ணாடி உடைந்திருக்கும். எடைக்கு என்ன விலையோ அதற்கு மேல் கொஞ்சம் கொடுத்து எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

முதலில் மானிட்டர்

ஹெர்குலிஸ் கார்டோடு வேலை செய்யும் மானிட்டர் டிவி மாதிரி அல்ல. நம் ஊர்ப் பழைய டிவியின் பிக்சர் ட்யூபில் எலக்ட்ரான் கதிர் வினாடிக்கு 15,625 கோடுகளை வரைந்தது, இதில் 18,432. கார்டிலிருந்து ஒன்பது முள் இணைப்பு வழியாகப் படம், பிரகாசம், கிடை ஒத்திசைவு (கதிர் புதுக் கோடு தொடங்கும் நேரம்), நெடு ஒத்திசைவு (புதுப் படம் தொடங்கும் நேரம்) எல்லாம் தனித்தனியாக, 5 வோல்ட் டிஜிட்டல் சைகைகளாக வரும். ஐபிஎம் 5151 போன்ற அந்தக் காலத்து மானிட்டர்களில் ஒத்திசைவுச் சைகை தவறான வேகத்தில் போனால் கிடைப் பகுதியின் ட்ரான்சிஸ்டர் எரிந்துவிடக்கூடும். சும்மா ஒரு நிரல் கார்டின் பதிவேடுகளில் தப்பான எண்களை எழுதினாலே போதும். அதனால் மானிட்டரைத் தனியாகச் சரிபார்க்காமல் கார்டைத் தொடக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

எங்கள் தெருவில் டிவி மெக்கானிக் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். பிக்சர் ட்யூப் டிவிகள் போனபிறகு கடையை மூடிவிட்டு வீட்டிலேயே மிக்சி, ஃபேன் பார்த்துக்கொண்டிருக்கிறார். மானிட்டரைத் தூக்கிக்கொண்டு போனதும் அவர் முதலில் செய்தது, நீள ஸ்க்ரூ டிரைவரின் தண்டில் ஒரு வயரைக் கட்டி, மறுமுனையை ட்யூபைச் சுற்றியிருக்கும் பின்னல் கம்பியில் மாட்டியதுதான். பிறகு, உள்ளே தங்கியிருக்கக்கூடிய உயர் அழுத்த மின்சாரத்தை (இஎச்டி) இறக்குவதற்காக, ட்யூபின் பக்கவாட்டில் இருக்கும் ரப்பர் தொப்பிக்கு அடியில் ஸ்க்ரூ டிரைவரை மெதுவாக நுழைத்தார்.

"தம்பி, ஒரு கை எப்பவும் முதுகுக்குப் பின்னால இருக்கணும், கேட்டீங்களா? ரெண்டு கையையும் உள்ள விட்டா இஎச்டி நெஞ்சு வழியாத்தான் போகும்."

"பல வருஷமா கரண்டே இல்லாம கெடந்ததுதானே அண்ணாச்சி?"

"இருக்கட்டும். பழக்கத்த விடக்கூடாது."

அன்றைக்குச் சத்தம் ஏதும் வரவில்லை. ஆனால் சரிசெய்து ஓட்டிப் பார்த்து நிறுத்திய ஒவ்வொரு தடவையும் "டப்" என்று சின்னதாக ஒரு வெடிப்பு கேட்டது. ஒரு தடவைகூட அவர் அதை விட்டுவைக்கவில்லை. மானிட்டரில் இருந்த குறை, படத்தின் மேல்பகுதி நசுங்கி முதல் நான்கு வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டது. அதைப் பார்த்த உடனேயே "வெர்டிகல்ல கெப்பாசிட்டர் காஞ்சு போச்சு" என்று சொல்லிவிட்டார். கழற்றி அளந்தால் 1000 மைக்ரோஃபாரட் இருக்க வேண்டியதில் 300-கூட இல்லை. அதையும் சேர்த்து ஐந்து கெப்பாசிட்டர்களை மாற்றினோம். அண்ணாச்சி கூலி வாங்கிக்கொள்ளவில்லை. "இந்த மாதிரி ஒண்ணு கைக்கு வந்து எவ்வளவு நாளாச்சு" என்று மட்டும் சொன்னார்.

மேற்கோள் குறிகள் நிறைந்த திரை

கார்டு அவ்வளவு எளிதாக வழிக்கு வரவில்லை. முதலில் அதைச் செருகினால் பவர் சப்ளையே கிளம்ப மறுத்தது. 12 வோல்ட் பாதையில் இருந்த டேண்டலம் கெப்பாசிட்டர் ஷார்ட். அது இந்தக் காலத்துக் கார்டுகளுக்கெல்லாம் வருகிற வியாதி, மாற்றிவிட்டேன். அடுத்த தடவை கணினி கிளம்பியது. ஒரு நீண்ட ஒலி, இரண்டு குட்டி ஒலிகள். வீடியோ கார்டில் கோளாறு என்று அர்த்தம். அதன்பிறகு திரை நிறைய ஆம்பர் நிறத்தில் இரட்டை மேற்கோள் குறிகள். வெற்றிடம் இருக்க வேண்டிய ஒவ்வோர் இடத்திலும் ஒரு மேற்கோள் குறி, 80 பத்தி, 25 வரி.

அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கோப்புப் பட்டியலைக் கேட்கும் கட்டளையாக டி, ஐ, ஆர் என்று அடித்தேன். திரையில் எஃப், கே, ஆர் என்று வந்தது. ஆனால் கட்டளை ஒழுங்காக வேலை செய்தது. பட்டியலும் வந்தது, தப்பான எழுத்துகளில். அப்போதுதான் காகிதத்தில் எண்களை எழுதிப் பார்த்தேன். வெற்றிடத்தின் எண் 32, மேற்கோள் குறியின் எண் 34. டி 68, எஃப் 70. ஐ 73, கே 75. எல்லாவற்றிலும் 2 கூடியிருக்கிறது. ஆர் 82, கணினி அதை 64, 16, 2 என்று பிரித்துத்தான் வைத்திருக்கும், அந்த 2 ஏற்கெனவே இருக்கிறது, அதனால் மாறவில்லை. எழுத்தின் நிறத்தைச் சொல்லும் பைட் 7. அதிலும் 2 இருக்கிறது, அதனால் பிரகாசத்தில் பிழை இல்லை. கணினியின் நினைவகம் நன்றாக இருக்கிறது. கார்டின் சொந்த நினைவகத்தில்தான் ஒரு பிட் எப்போதும் 1 என்றே பதில் சொல்கிறது. இந்தக் கார்டில் 64 கேபி நினைவகம் இரண்டு 4464 சிப்களில் இருக்கிறது, ஒன்றில் கீழ் நான்கு பிட், இன்னொன்றில் மேல் நான்கு. குற்றவாளி எது என்று சால்டரிங் அயர்னைச் சூடாக்கும் முன்பே தெரிந்துவிட்டது.

இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இன்றைய கணினி ஒன்று கெட்டால் உள்ளே என்ன நடந்தது என்று வெளியிலிருந்து யோசித்துக் கண்டுபிடிக்க வழியில்லை. இதிலோ கோளாறே எழுத்தாக வந்து முன்னால் நிற்கிறது. 18 கால்களையும் ஒவ்வொன்றாக உறிஞ்சிக் கழற்றி, அங்கே ஒரு சாக்கெட் வைத்து, செத்துப்போன ஒரு பழைய விஜிஏ கார்டிலிருந்து எடுத்த 4464-ஐ அழுத்தினேன். மேற்கோள் குறிகள் மறைந்தன. கறுப்புத் திரையில் ஒரு கட்டளைக் குறி, அதன் பக்கத்தில் கண்சிமிட்டும் கோடு.

தாய்லாந்து எழுத்தின் கார்டு

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் நண்பர் சந்தோஷப்பட்டிருப்பார். ஆனால் எனக்கு இந்தக் கார்டின் பிறப்புக் கதை நினைவில் ஓடிக்கொண்டே இருந்தது. ஐபிஎம் தன் பிசியோடு 1981-இல் கொடுத்த எம்டிஏ என்ற ஒற்றை நிறக் கார்டில் எழுத்து மட்டும்தான் வரும். அதுவும் சிப்பில் பதித்த 256 வடிவங்கள் மட்டும். படம் வேண்டுமென்றால் ஐபிஎம்மின் வண்ணக் கார்டான சிஜிஏ. அதில் எழுத்துகள் எட்டுக்கு எட்டு புள்ளிகளில் கரடுமுரடாக இருக்கும். வான் சுவன்னுகுல் என்ற தாய்லாந்துக்காரர் தன் ஆய்வேட்டைத் தாய்லாந்து மொழியில் ஐபிஎம் பிசியில் தட்டச்ச விரும்பினார். அந்த 256-இல் தாய்லாந்து எழுத்து ஒன்றுகூட இல்லை. அதற்காக அவர் உருவாக்கியதுதான் ஹெர்குலிஸ் கார்டு. 1982-இல் கலிபோர்னியாவில் நிறுவனமும் தொடங்கினார். 720-க்கு 348 புள்ளிகள், ஒவ்வொன்றையும் தனியாக ஏற்றலாம், அணைக்கலாம். பின்னால் லோட்டஸ் 1-2-3 என்ற கணக்குத்தாள் நிரல் அந்தக் கார்டில் வரைபடம் காட்டத் தொடங்கியதும் அது உலகம் முழுக்கப் பரவியது. 1986-இல் வந்த ஹெர்குலிஸ் ப்ளஸ் கார்டில் 3072 எழுத்து வடிவங்களை மென்பொருளாலேயே ஏற்றிக்கொள்ளலாம்.

உலகம் அந்தக் கார்டை வரைபடத்துக்கானது என்று நினைவு வைத்திருக்கிறது. எனக்கோ அது, தன் எழுத்து திரையில் இல்லையே என்று ஒருவர் பட்ட ஆதங்கத்திலிருந்து பிறந்த கார்டு. நம் நாட்டில் அதே ஆதங்கத்துக்கு வேறு பதில் கிடைத்தது. ஐஐடி கான்பூரில் தொடங்கிய வேலை, புனேயில் சி-டாக் நிறுவனத்தில் ஜிஸ்ட் கார்டாக வந்தது. அதைக் கணினியில் செருகினால் டிபேஸ் என்ற தரவுத்தள நிரல் போன்ற, அந்தக் காலத்து டாஸ் இயக்கமுறையில் ஓடும் நிரல்களில் தமிழ் உட்பட இந்திய எழுத்துகளை அடிக்கலாம், பார்க்கலாம். அருமையான வேலை அது. ஆனால் எல்லா அலுவலகத்துக்கும் அது போய்ச் சேரவில்லை. 1984-க்குப் பிறகு கணினி இறக்குமதி எளிதானபோது பெரும்பாலான இடங்களுக்கு வந்து இறங்கியது எக்ஸ்டி வகைக் கணினிகளும், ஹெர்குலிஸைப் பார்த்துச் செய்த கார்டுகளும், பச்சை அல்லது ஆம்பர் மானிட்டர்களும்தான். அவற்றில் பில் போட்டவர்கள், சம்பளக் கணக்குப் பார்த்தவர்கள் எல்லாரும் வீட்டில் தமிழ் பேசி, ஆபீசில் ஆங்கில எழுத்தில் "முருகன்" என்று அடித்தவர்கள்.

அதனால் ஆசை போகவில்லை. ஆனால் நண்பரின் வார்த்தையும் போகவில்லை. கடைசியில் ஒரு கோடு கிழித்துக்கொண்டேன். போர்டில் எந்தத் தடத்தையும் வெட்டக்கூடாது, துளை போடக்கூடாது, சாக்கெட்டில் உட்கார்ந்திருப்பதை மட்டும் மாற்றலாம், கழற்றியதை அப்படியே பாதுகாக்க வேண்டும். எழுத்துச் சிப் சாக்கெட்டில்தான் இருந்தது. இதற்குச் சாக்கெட் வைத்தவர் மாற்றுவதற்குத்தானே வைத்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழுச் சமாதானமாகப் படவில்லை என்பதும் உண்மை.

பதினோரு பைட்

அந்தச் சிப் ஒரு 2764. நடுவில் சின்னக் கண்ணாடிச் சன்னல் இருக்கும். புற ஊதா ஒளி பட்டால் உள்ளே எழுதியது அழிந்துவிடும். அதனால் சன்னல்மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். இந்தச் சிப்பின் ஸ்டிக்கர் அச்சடித்தது அல்ல, வெள்ளைக் காகிதம். பால்பாயின்ட் பேனாவில் எழுதிய ஏதோ ஒன்று மங்கிப்போய், கடைசியில் 2 என்ற எண் மட்டும் தெரிந்தது. அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இவ்வகைச் சிப்புகள் பல்லாண்டுகளில் மெல்ல மறக்கத் தொடங்கும் என்பதால், முதல் வேலையாக அதைப் படித்துக் கோப்பாகச் சேமித்தேன்.

அந்த 8192 பைட்டும் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். திரையில் ஒவ்வோர் எழுத்துக்கும் 9 புள்ளி அகலம், 14 புள்ளி உயரம். சிப்பிலிருந்து வருவது 8 புள்ளி அகலம்தான். ஒன்பதாவது பத்தி இடைவெளி. முதல் 2048 பைட்டில் 256 எழுத்துகளின் மேல் எட்டு வரிகள் மட்டும் வரிசையாக இருக்கும். அடுத்த 2048-இல் அதே எழுத்துகளின் கீழ் ஆறு வரிகள். அதாவது ஒவ்வோர் எழுத்தும் இடுப்பில் வெட்டி இரண்டு அறைகளில் வைக்கப்பட்டிருக்கிறது. கார்டில் 6845 என்ற சிப், திரையில் கதிர் எந்த வரியில் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே இருக்கும். எழுத்தின் எண்ணையும் வரியின் எண்ணையும் சேர்த்துக் கேட்டால் எழுத்துச் சிப் அந்த வரிக்கான எட்டுப் புள்ளிகளைக் கொடுக்கும். வினாடிக்கு சுமார் 50 தடவை திரை முழுவதற்கும் இது நடக்கிறது.

இதே வடிவமைப்பில் செய்த இன்னொரு கார்டின் எழுத்துச் சிப் நகல் என்னிடம் முன்பே இருந்தது. என் சிப்பில் ஏதாவது பிட் அழிந்திருக்கிறதா என்று பார்க்க இரண்டையும் ஒப்பிட்டேன். பதினோரு பைட் வேறுபட்டன. வயசாகி அழிந்திருந்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருக்க வேண்டும். இவை இரண்டே இடத்தில் கூட்டமாக இருந்தன. ஒரு கூட்டம் 1264-இலிருந்து 1271-க்குள், இன்னொன்று 3312-ஐ ஒட்டி. 1264-ஐ எட்டால் வகுத்தால் 158. 3312-இலிருந்து 2048-ஐக் கழித்து எட்டால் வகுத்தாலும் 158. ஒரே எழுத்தின் மேல் பாதியும் கீழ் பாதியும்.

ஐபிஎம் எழுத்து வரிசையில் 158 என்பது ஸ்பெயின் நாட்டின் பழைய நாணயமான பெசேட்டாவின் குறி. மூன்று ஆங்கில எழுத்துகளை ஒரே அறையில் நெருக்கி வைத்தது. திருநெல்வேலியில் அதை யார் எதற்கு அடிக்கப் போகிறார்கள்? கட்டம் போட்ட நோட்டில் மாறியிருந்த பைட்டுகளைப் புள்ளியாக வைத்துப் பார்த்தேன். மேல் எட்டு வரிகளில் ஒரு படுக்கைக் கோடு, அதிலிருந்து இறங்கும் இரண்டு கால். கீழ் ஆறு வரிகளில் ஒரு கால் மட்டும் இறங்கி, வளைந்து, சுழிந்து மேலே திரும்புகிறது. மேல் பாதியை வரைந்தபோதே கை கொஞ்சம் நடுங்கியது. இருந்தாலும் நம்பவில்லை. சிப்பைத் திரும்பக் கார்டில் செருகி, கணினியை ஓட்டி, ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு எண் விசைகளில் 1, 5, 8 அடித்து விரலை எடுத்தேன்.

ரூ.

ஆம்பர் நிறத்தில், கட்டளைக் குறிக்குப் பக்கத்தில், ஒற்றை அறைக்குள் ஒரு தமிழ் எழுத்து. அப்போது இரவு பதினொன்று இருக்கும். வீட்டில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். நான் அடுத்தடுத்து அடித்துக்கொண்டே போனேன், ஒரு வரி முழுக்க ரூ ரூ ரூ என்று நிறையும் வரை.

இதைச் செய்தவர் யார் என்று தெரிந்துகொள்ள வழி இல்லை. ஆனால் என்னவெல்லாம் செய்திருப்பார் என்று என்னால் வரிசையாகச் சொல்ல முடியும், ஏனென்றால் நானும் அதைத்தான் செய்யப் போனேன். அசல் சிப்பை எங்கேயோ கொண்டுபோய்ப் படித்திருக்கிறார். சிப்பில் எழுதும் கருவி அன்றைக்குப் பெரிய கல்லூரியிலோ கம்பெனியிலோ இருந்திருக்கும், மேசைமேல் வைத்துக்கொள்ள முடிந்திருக்காது. எழுத்து இடுப்பில் வெட்டுப்பட்டிருப்பதை அவராகவே கண்டுபிடித்திருக்கிறார். கட்டக் காகிதத்தில் ரூ வரைந்து, ஒவ்வொரு வரியையும் எண்ணாக மாற்றியிருக்கிறார். ஊகாரத்தின் சுழியை ஆறு வரிக்குள் அடக்குவது லேசான வேலை இல்லை. அவர் வலது பக்கம் ஒரு புள்ளியை விட்டுக்கொடுத்து அதைச் செய்திருக்கிறார். ஸ்டிக்கரில் இருக்கும் அந்த 2, முதல் முயற்சி சரியாக வரவில்லை என்பதைத்தான் சொல்கிறது என்று நினைக்கிறேன். இத்தனையும் ஒரு பில்லில் தொகைக்கு முன்னால் ரூ என்று திரையில் தெரிய வேண்டும் என்பதற்காக. மறுநாள் காலை அந்த அலுவலகத்தில் உட்கார்ந்து பில் போட்டவர் அதைப் பார்த்திருப்பார். யாரிடமாவது கூப்பிட்டுக் காட்டியிருப்பார்.

நண்பருக்குப் போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அப்போ உங்ககிட்ட இருக்கிறதுல எது ஒரிஜினல்?" என்று கேட்டார். நான் ரூ இருக்கும் சிப்தான் என்றேன். "ஆமா. அத மட்டும் பத்திரமா வைங்க. மத்தத நீங்க பாத்துக்கோங்க" என்றார்.

32 இடங்கள்

அதன்பிறகு வேலை வேகமாக நடந்தது, தயக்கம் போய்விட்டதால். 28சி256 என்ற சிப்பை எடுத்துக்கொண்டேன். மின்சாரத்தாலேயே அழித்து எழுதலாம், கால் அமைப்பும் 2764-இன் சாக்கெட்டுக்குப் பொருந்தும். 2764-இல் 26-ஆம் கால் எதற்கும் இணைக்கப்படாதது. இந்தச் சிப்பில் அதுதான் கூடுதல் முகவரிக் கால்களில் ஒன்று. புதுச் சிப்பின் அந்தக் காலை மட்டும் வெளியே வளைத்து ஒரு சின்ன ஸ்விட்சில் கட்டினேன். ஸ்விட்ச் ஒரு பக்கம் இருந்தால் பழைய எழுத்துகள், மறுபக்கம் தள்ளினால் தமிழ். கார்டில் ஒரு கீறல்கூட விழவில்லை.

எழுத்துகளை அடுக்குவதுதான் பல வாரம் எடுத்தது. மேல் 128 இடங்கள்தான் நமக்கு. பன்னிரண்டு உயிரில் ஔவை ஒ, ள என்று பிரித்து எழுதிக்கொண்டால் பதினொன்று, ஆய்தம் ஒன்று. அகர மெய்கள் 18, புள்ளி வைத்தவை 18, உகர வரிசை 18, ஊகார வரிசை 18. கால், கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி, விசிறி இரண்டு, ஆக ஆறு. மொத்தம் 90. மிச்சம் 38 இடங்களில்தான் கிரந்த எழுத்துகளும், ஒரு அறைக்குள் அடங்காத எழுத்துகளின் இரண்டாவது பாதியும். ண எட்டுப் புள்ளிக்குள் வராது. ஞ, ஊ, ஐ வராது. இவற்றை இரண்டு அறையில் வரைய வேண்டும். ஆனால் அறைக்கு அறை ஒன்பதாவது பத்தி வெறுமையாக இருப்பதால் ணவின் நடுவில் ஒரு கறுப்புக் கீறல் விழுந்தது. மூன்று சுழியும் மேல்கோடும் ஒன்றாக ஓட வேண்டிய எழுத்து, கத்தியால் வெட்டினமாதிரி நின்றது.

இதற்கு வழி கார்டிலேயே இருக்கிறது. கட்டம் போடும் கோடுகள் விட்டுப்போகாமல் இணைவதற்காக, 192-இலிருந்து 223 வரை உள்ள எழுத்துகளுக்கு மட்டும் எட்டாவது புள்ளியையே ஒன்பதாவது இடத்திலும் திருப்பிப் போடும்படி ஐபிஎம் அமைத்திருந்தது. ஹெர்குலிஸும் அதைப் பின்பற்றியது. ஆக 32 இடங்கள். அகல எழுத்துகளின் இடப் பாதி எல்லாம் அந்த 32-க்குள் இருக்க வேண்டும், வலப் பாதி எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். ணுவுக்கும் ணூவுக்கும் இடப் பாதி ஒன்றே போதும், னுவுக்கும் அப்படியே. இப்படிப் பகிர்ந்துகொண்டு, யாரும் எழுதாத ஙு, ஙூ போன்றவற்றை விட்டுக் கணக்கை நேர் செய்தேன். சிஜிஏ கார்டாக இருந்திருந்தால் இந்த முயற்சியே வீண். எட்டு வரிக்குள் புள்ளிக்கும் விசிறிக்கும் சுழிக்கும் இடம் கிடையாது. 14 வரி என்பது தமிழுக்கு நெருக்கடிதான், ஆனால் குடியிருக்கலாம்.

இதை எல்லாம் இன்றைய கருவிகளில் எளிதாகச் செய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். எரிக் ஷ்லேப்ஃபர் வடிவமைத்த கிராபிக்ஸ் கிரெம்லின் என்ற கார்டு எம்டிஏ, சிஜிஏ இரண்டையும், உள் இணைப்புகளை நாமே அமைத்துக்கொள்ளக்கூடிய ஒரு எஃப்பிஜிஏ சிப்பில் உயிர்ப்பிக்கிறது. ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி ஒன்றை நடுவில் வைத்துப் பழைய கார்டின் சைகையை இன்றைய டிவியில் காட்டும் திட்டங்களும் இருக்கின்றன. பிக்சர் ட்யூப் கிடைக்காதவர்களுக்கு அவை பெரிய உதவி. என் ட்யூப் போகும் நாளில் நானும் அங்கேதான் போவேன். ஆனால் இந்த எழுத்துகளை நான் ஆம்பர் நிறத்தில் பார்க்க வேண்டும். ஒரு வரி மேலே நகரும்போது அதன் நிழல் ஒரு கணம் தங்கிக் கரைவதை இந்த ட்யூபில்தான் பார்க்க முடியும்.

ஊகார வரிசையில் நான் வரைந்தது ரூ நீங்கலாக மற்றவற்றை. 158-ஐத் தமிழ்ப் பக்கத்திலும் அப்படியே நகல் எடுத்து வைத்துவிட்டேன். என் எழுத்துகளின் கால்கள் அவருடையதைவிட ஒரு புள்ளி தள்ளி இறங்குகின்றன. கூர்ந்து பார்த்தால் ரூ மட்டும் வேறு கை என்று தெரியும். அவருடைய சிப் இப்போது கறுப்பு ஃபோமில் குத்தி, ஸ்டிக்கரோடு, ஒரு டப்பாவில் இருக்கிறது.

போன மாதம் அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். டாஸில் ஒரு கோப்பைத் திரையில் ஓடவிட்டு ஸ்விட்சைத் தள்ளினேன். அதுவரை உச்சரிப்புக் குறி போட்ட ஐரோப்பிய எழுத்துகளும் உடைந்த கட்டங்களுமாக இருந்தது, ஒரே நொடியில் தமிழாக மாறியது. நினைவகத்தில் ஒரு பைட்கூட மாறவில்லை. அண்ணாச்சி கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு முகத்தைத் திரைக்கு ரொம்பப் பக்கத்தில் கொண்டுபோனார். வரி வரியாக விரல் வைத்து வாசித்தார். "திருநெல்வேலி. தாமிரபரணி. பாளையங்கோட்டை. தாழையூத்து." அங்கே விரல் நின்றது.

"தம்பி, இந்த ழாவுக்குக் கால் குட்டையா இருக்கே. இன்னும் ஒரு புள்ளி எறங்கணும்லா?"

"எறக்குனா அடுத்த வரியில இடிக்குமோன்னு விட்டேன் அண்ணாச்சி."

"இடிக்காது. நீங்க எறக்கிப் பாருங்க."

அவர் டீ குடித்து முடிப்பதற்குள் சிப்பைக் கழற்றி, பதின்மூன்றாவது வரியில் ஒரு புள்ளியைக் கூட்டி எழுதி, திரும்பச் செருகினேன். இடிக்கவில்லை.